நடுக்கடலில் பாரம் மாற்ற நங்கூரம் பாய்ச்சும்போது: வாசகர் கேள்வி – பதில்

சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) அடங்கினால் கொழும்புக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களிலிருந்து பார்ஜுக்கு, அதாவது தட்டையான சரக்குப் படகுக்கு, பாரம் இறக்கும் வேலைகள் மறுபடி சூடுபிடிக்கும். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் அனேகமானவை அதைப் பற்றியவையே. ஒரே விதமானவற்றைச் சேர்த்து, கணக்குத் தேவைப்பட்ட இடங்களில் கணக்கோடு பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி (பார்ஜ் மேற்பார்வையாளர், மட்டக்குளி): 24 மீற்றர் ஆழத்தில் நிற்கும் 180 மீற்றர் நீளக் கப்பலிலிருந்து 35 தொன் இயந்திரப் பாகங்களை எங்கள் பார்ஜ் கிரேனால் இறக்கவேண்டும். கப்பலின் நங்கூரம் 7 தொன், சங்கிலி 76 மில்லிமீற்றர். "நங்கூரம் நல்ல பாரம், நாலு ஷேகிள் (சங்கிலி நீள அளவு) விட்டால் காணும்" என்கிறார்கள். காணுமா ஐயா?

பதில்: காணாது. ஏன் காணாது என்பதை விளங்கிக்கொண்டால் அடுத்த கப்பலுக்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

நங்கூரம் தன் எடையால் கப்பலைப் பிடிப்பதில்லை. அதன் கொழுக்கள் மணலுக்குள் இறங்கிப் பிடிக்கின்றன. தண்டு கிடையாக இழுபடும்வரைதான் அந்தப் பிடி நிலைக்கும். தண்டு நிலத்திலிருந்து 5 பாகை கிளம்பினாலே பிடிப்பில் காற்பங்கு போய்விடும். 15 பாகை கிளம்பினால் பாதி போய்விடும். தண்டைக் கிடையாக வைத்திருப்பது கடலடியில் படுத்திருக்கும் சங்கிலி. ஆகவே எத்தனை தொன் நங்கூரம் என்பதற்கு முன்னால் கேட்கவேண்டியது, எத்தனை மீற்றர் சங்கிலி நிலத்தில் கிடக்கிறது என்பதுதான்.

உங்கள் சங்கிலிக்கே கணக்குப் பார்ப்போம். 76 மில்லிமீற்றர் குறுக்குக்கட்டைச் சங்கிலி மீற்றருக்கு ஏறக்குறைய 126 கிலோ. தண்ணீருக்குள் 110 கிலோ. ஆழம் 24 மீற்றர். சங்கிலி வெளிவரும் துளை நீர்மட்டத்துக்கு மேலே 6 மீற்றர் என்று வைத்தால் மொத்த உயரம் 30 மீற்றர். நிலத்திலிருந்து கிளம்பி நிற்கும் சங்கிலியின் நீளம் இப்படி வரும்: கிடை இழுவையை இரண்டால் பெருக்கி, மீற்றர் எடையால் வகுத்து, அதோடு உயரத்தைக் கூட்டி, வந்ததை உயரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 20 தொன் இழுவைக்கு 109 மீற்றர். 40 தொன்னுக்கு 151 மீற்றர். 80 தொன்னுக்கு 211 மீற்றர்.

ஒரு ஷேகிள் 27.5 மீற்றர், நம் மீனவர் கணக்கில் 15 பாகம். நாலு ஷேகிள் என்றால் 110 மீற்றர். அதாவது வெறும் 20 தொன் இழுவையிலேயே உங்கள் சங்கிலி முழுவதும் நிலத்தைவிட்டுக் கிளம்பிவிட்டது. அதற்குமேல் வரும் ஒவ்வொரு தொன்னும் நங்கூரத் தண்டை நிமிர்த்தத்தான் போகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். காலையில் 5 தொன் இழுத்த கப்பல் பின்னேர மழைக்காற்றில் 20 தொன் இழுப்பது புதுமையல்ல.

கப்பற்காரர் கையாளும் சுருக்க விதிகளும் இதையே சொல்கின்றன. நல்ல காலநிலையில் ஆழத்தைப் போல மூன்று மடங்கோடு 90 மீற்றர். கடுங்காற்றில் நான்கு மடங்கோடு 145 மீற்றர். உங்கள் 24 மீற்றருக்கு முதலாவது 162 மீற்றர், ஏறக்குறைய 6 ஷேகிள். இரண்டாவது 241 மீற்றர், 9 ஷேகிள். இன்னொரு விதி: ஆழத்தின் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்கினால் ஷேகிள் எண்ணிக்கை. அது 7.3 தரும். பக்கத்தில் பார்ஜ் கட்டப்போகும் கப்பலுக்கு 8 ஷேகிளுக்குக் குறைய எங்களால் சொல்லமுடியாது. பார்ஜின் காற்றுப்பரப்பும் நீரோட்டத் தடையும் அதே ஒரு சங்கிலியில்தான் வந்து விழும்.

கப்பலின் நங்கூரக் கருவிகள் எதற்காகக் கணக்கிடப்பட்டவை என்பதையும் தெரிந்திருங்கள். வகுப்புச் சங்கங்களின் (கப்பல்களைப் பரிசோதித்துத் தரச்சான்று வழங்கும் அமைப்புகள்) பொது விதிப்படி அவை துறைமுகத்துக்குள் அல்லது ஒதுக்கமான நீரில் தற்காலிகமாக நிற்பதற்கானவை. திறந்த கரைக்கு அப்பால் கொந்தளிப்பில் கப்பலைப் பிடித்துவைப்பதற்கு அல்ல. ஒதுக்கமற்ற நீரில் அதே சங்கங்கள் பரிந்துரைக்கும் எல்லை: நீரோட்டம் செக்கனுக்கு 1.54 மீற்றர், காற்று செக்கனுக்கு 11 மீற்றர், குறிப்பலை உயரம் (அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரி) 2 மீற்றர். கொழும்புக்கு வெளியே உள்ளது திறந்த கடல், ஒதுக்கம் கிடையாது.

கடைசியாக, சங்கிலியை விண்ட்லாஸ் (நங்கூரம் தூக்கும் பொறி) பிரேக்கில் மட்டும் தொங்கவிடாதீர்கள். சங்கிலித் தடுப்பான் பொருத்தப்பட்ட கப்பலில் பிரேக் சங்கிலியின் முறிவுப் பாரத்தில் 45 சதவீதம் தாங்கினாலே விதிக்குப் போதும். மிச்சத்தைத் தாங்கவேண்டியது தடுப்பான், 80 சதவீதம்வரை. தடுப்பானின் குறுக்குத்தண்டு ஒரு வளையத்தின்மேல் சரியாக விழுந்து, ஊசி போடப்பட்டிருக்கிறதா என்று நேரே போய்ப் பாருங்கள். பல தடவை அந்தத் தண்டு சாய்த்து வைத்தபடியே கிடக்கும். துருப்பிடித்த மேற்பரப்பில் சங்கிலி உரசிய மினுக்கம் இல்லாவிட்டால் அது கொஞ்ச நாளாகப் பாரம் தாங்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி (கப்பல் முகவர் நிலைய ஊழியர், வத்தளை): காற்றே இல்லாத காலை. கடல் எண்ணெய் ஊற்றியது போல. ஆனாலும் கப்பலோடு கட்டிய பார்ஜ் அடிபட்டு, இரண்டு கயிறு அறுந்தது. காற்றில்லாமல் எப்படி?

பதில்: காற்றில்லாததே காரணம்.

கொழும்புக் கரை வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆண்டு முழுவதும் தென்கடலிலிருந்து வரும் நீண்ட அலை மேற்கு, தென்மேற்கு பக்கமிருந்து கரையை நோக்கி வரும். ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் 10 செக்கன், சில நாட்களில் 14 செக்கனும் போகும். முகடு தாழ்வாக, அகலமாக இருப்பதால் படகில் நிற்பவர் கண்ணுக்கு அது அலையாகவே தெரியாது. நங்கூரத்தில் நிற்கும் கப்பலைத் திருப்புவதோ காற்றும் நீரோட்டமும்தான், அலையல்ல. காற்று செத்துவிட்டால் கரையோர நீரோட்டம் கப்பலை வடக்கையோ தெற்கையோ பார்க்க நிறுத்திவிடும். அப்போது நீண்ட அலை நேரே விலாவில் வந்து அடிக்கும்.

கப்பலின் இயல்பான உருட்டு நேரத்தை, அகலத்தை 0.8 ஆல் பெருக்கி நிலைப்பு உயரத்தின் (சரிந்த கப்பல் நிமிரும் வலுவைக் காட்டும் அளவு) வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறலாம். 30 மீற்றர் அகலம், 4 மீற்றர் நிலைப்பு உயரம் என்றால் 12 செக்கன். நீண்ட அலையின் நேரமும் அதுவே. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஒவ்வொரு முகடும் உருட்டைக் கூட்டிக்கொண்டே போகும். தட்டையான பார்ஜின் கதை வேறு. 20 மீற்றர் அகலமும் 12 மீற்றர் நிலைப்பு உயரமும் இருந்தால் அதன் நேரம் 4.6 செக்கன். அதை ஆட்டுவது நீண்ட அலையல்ல. பின்னேரக் கடற்காற்று கிளப்பும் குட்டி அலை. ஆக, ஒன்று மெல்லப் பெரிதாக உருள, மற்றது கிடுகிடுவென்று ஆட, இரண்டையும் கட்டிய கயிறு நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது.

செய்யவேண்டியது கப்பலின் அணியத்தை (முன்பக்கத்தை) அலைக்குக் காட்டுவது. சரியாக நேரே அல்ல, அலை அணியத்துக்கு 15 முதல் 25 பாகைக்குள் ஒரு பக்கத்தில் வரட்டும். மற்றப் பக்கம் பார்ஜ் கட்டப்படட்டும். காற்றோ நீரோட்டமோ ஓரளவு இருந்தால் கடிவாளம் போடலாம். பின்பக்கப் பொல்லார்டிலிருந்து (கயிறு கட்டும் தூண்) ஒரு கம்பி வடத்தைக் கப்பலுக்கு வெளியாலேயே முன்னால் கொண்டுபோய், துளைக்கு வெளியே தொங்கும் நங்கூரச் சங்கிலியில் பூட்டுவளையத்தால் பூட்டி, பிறகு சங்கிலியை இன்னும் கொஞ்சம் விட்டால் கப்பல் கோணமாகத் திரும்பி நிற்கும். வடத்தைக் கூட்டிக் குறைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம். காற்றே இல்லாத காலையில் கடிவாளத்துக்கு வேலை இல்லை, இழுக்க விசை வேண்டுமே. அப்போது பின்புறத்தில் ஒரு டக் படகு (இழுவைப் படகு) வைத்து இழுத்துப் பிடிக்கவேண்டும். டக் செலவு என்று தயங்குபவர்கள் ஒரு நாள் வேலை நிற்கும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கப்பல் தரும் ஒதுக்கமும் எல்லா அலைக்கும் அல்ல. 5 செக்கன் அலையின் நீளம் 39 மீற்றர். 180 மீற்றர் கப்பல் அதை மறைத்துவிடும். 10 செக்கன் அலை 24 மீற்றர் ஆழத்தில் ஏறக்குறைய 130 மீற்றர் நீளம். அது கப்பலைச் சுற்றியும் அடியாலும் வந்து பார்ஜைத் தூக்கும்.

கயிறு அறுந்த விடயம்: ஒரே திசையில் போகும் கயிறுகள் எல்லாம் ஒரே வகையும் ஏறக்குறைய ஒரே நீளமும் ஆக இருக்கவேண்டும். நைலோன் நீளும், உயர்வலிமைப் பொலியெதிலீன் கிட்டத்தட்ட நீளாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நீளாதது முழுப் பாரத்தையும் தானே எடுத்து முதலில் அறும். அதன் பின் மற்றது. நீளாத கயிறோ கம்பியோ போடவேண்டி வந்தால் நுனியில் 11 மீற்றர் நைலோன் வால் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டையாக, செங்குத்தாகப் போகும் கயிறுகளைத் தவிருங்கள். அணைப்புக்கு லொறி டயர் தொங்கவிடுவது துறைமுகத்துக்குள் சரி. வெளியே காற்றடைத்த பெண்டர்தான். அதன் ஆரம்ப அழுத்தம் வகையைப் பொறுத்து 50 அல்லது 80 கிலோபஸ்கால். குளிர்ந்த காலையில், வெயில் ஏறுமுன் அழுத்தமானியை வைத்துப் பார்த்துவிட்டு எழுதிவையுங்கள்.

கேள்வி (ரிக்கர், கொட்டாஞ்சேனை): பார்ஜ் பெரிதாக ஆடவில்லை. ஆனால் கிரேனில் தூக்கிய பொருள் வரவர அதிகமாக ஊசலாடுகிறது. டேக்லைன் (பொருளை ஆடாமல் பிடிக்கும் கயிறு) பிடித்தவர்களாலும் அடக்க முடியவில்லை. என்ன பிழை?

பதில்: கம்பியின் நீளத்தைப் பாருங்கள். பூம் (கிரேனின் நீண்ட கை) நுனியிலிருந்து பொருளின் நடுவரை 25 மீற்றர் தொங்கினால் அது ஒரு தடவை போய்வர 10 செக்கன் எடுக்கும். நீண்ட அலையும் 10 செக்கன். பார்ஜ் ஒரு பாகை ஆடினாலும் நேரம் ஒத்துவிட்டால் ஊசல் வளர்ந்துகொண்டே போகும். 15 மீற்றராகக் குறைத்தால் 7.8 செக்கன், 40 மீற்றரில் 12.7 செக்கன். ஆகவே அன்றைய அலை நேரத்தைக் கைக்கடிகாரத்தில் எண்ணுங்கள். பத்து முகடு கடக்க எத்தனை செக்கன் என்று எண்ணி பத்தால் வகுத்தால் போதும். பிறகு பொருளைக் கடக்கும் உயரத்தில் அந்த நீளம் வராதபடி பூமைத் தாழ்த்தியோ உயர்த்தியோ வேலை செய்யுங்கள். கெட்ட நீளத்தைக் கடந்தே ஆகவேண்டுமென்றால் அதில் நின்று யோசிக்காமல் ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள்.

டேக்லைனை மனிதக் கையில் கொடுப்பது, முதற் கேள்வியில் வந்த 35 தொன் போன்ற பாரத்துக்கு அறவே கூடாது. காற்றழுத்தத்தில் ஓடும் இரண்டு சிறிய விஞ்ச்சுகளில் (கயிறு சுற்றி இழுக்கும் பொறி), பொருளின் இரு மூலைகளிலிருந்து, கூடிய அளவு கிடையாகப் போகும்படி கட்டுங்கள். பொருள் தட்டை விட்டுக் கிளம்புமுன்னரே அவை இறுக்கமாயிருக்கவேண்டும். ஊசல் தொடங்கிய பின் இறுக்கினால் கயிறு அறும் அல்லது விஞ்ச் பெயரும்.

இன்னொன்று: கிரேனின் தரைப் பாரஅட்டவணையை பார்ஜில் பாவிக்காதீர்கள். அந்த அட்டவணை தரை 1 சதவீதச் சாய்வுக்குள், அதாவது ஏறக்குறைய அரைப் பாகைக்குள் மட்டமாயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போட்டது. பார்ஜ் 2 பாகை சரிந்தால் 35 மீற்றர் உயரப் பூம் நுனி 1.2 மீற்றர் பக்கவாட்டில் நகரும். பூம் நீளவாட்டில் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டு இழுவையில்தான் மடியும். பார்ஜுக்கென்று, சரிவையும் அலையையும் கழித்துப் போட்ட தனி அட்டவணை எழுத்தில் இருக்கவேண்டும். கப்பல் தட்டிலிருந்து பொருளைக் கிளப்பும் நொடியில் கப்பல் மேலேறிக்கொண்டிருந்தால் கம்பி தளரும். இறங்கும்போது சடாரென்று இழுபடும். அந்த உதறலில் 35 தொன் பொருள் ஹூக்குக்கு 45 தொன்னாகத் தெரிவது நடக்கக்கூடியதே. முகட்டின் உச்சியில், கப்பல் கீழிறங்கத் தொடங்கும் கணத்தில், கிரேனின் முழு வேகத்தில் கிளப்புங்கள்.

கேள்வி (மாணவி, கற்பிட்டி): நுரைச்சோலைக்கு நிலக்கரிக் கப்பல்கள் ஏன் ஆண்டு முழுக்க வருவதில்லை?

பதில்: நீங்கள் இருக்கும் ஊரின் கடலே காரணம், தங்கச்சி. 900 மெகாவோற் அனல்மின் நிலையத்துக்கு வரும் பெரிய கப்பல்கள் கரைக்கு அண்ட ஆழம் போதாது. வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்று பார்ஜுகளுக்கு நிலக்கரியை மாற்றுகின்றன. பார்ஜ் அதை இறங்குதுறைக்குக் கொண்டுவருகிறது. சோழகக் காலத்தில், மே முதல் செப்டெம்பர்வரை, அங்கே பக்கத்துப் பக்கமாகக் கட்டி வேலை செய்ய முடியாது. அதனால் வழக்கமாக செப்டெம்பர் அல்லது ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதிக்குள் முழு ஆண்டுக்கும் வேண்டியதை இறக்கிக் குவித்துவிடவேண்டும். கொழும்பிலும் இதே சோழக அலைக்காகத்தான் 1875 இல் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டி 1885 இல் முடித்தார்கள்.

கேள்வி (பொறியியல் தொழினுட்பவியலாளர், கொழும்பு 15): கப்பலோடு கட்டாமல் கிரேன் பார்ஜைத் தனியாக நான்கு நங்கூரத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். 38 மில்லிமீற்றர் கம்பி வடம் இருக்கிறது. எப்படிப் போடுவது? எங்கே பிழைக்கும்?

பதில்: நல்ல முடிவு. பாரமான, திரும்பத் திரும்ப அதே இடத்தில் செய்யும் வேலைக்கு நான்கு மூலை நங்கூரமே சரி.

முதலில் கம்பியின் குணத்தை அறிந்துகொள்ளுங்கள். உருக்கு நடுநாரோடு முறுக்கிய 38 மில்லிமீற்றர் வடம் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 93 தொன்னில் அறும். மீற்றருக்கு எடையோ 6 கிலோ கூட இல்லை. முன்னே சொன்ன சங்கிலியின் இருபதில் ஒரு பங்கு. அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 24 மீற்றர் ஆழம், பார்ஜ் தட்டு 2 மீற்றர் உயரம், இழுவை 20 தொன். கம்பி நங்கூரத்தருகே கிடையாக இருக்க 450 மீற்றர் விடவேண்டும். பெரும்பாலானோர் 200 மீற்றர் விட்டுவிட்டு, நங்கூரம் கெட்டது என்று நங்கூரத்தைக் குறைசொல்வார்கள்.

இடமில்லையென்றால் வழி உண்டு. நங்கூரத்துக்கும் கம்பிக்கும் இடையில் ஒன்று அல்லது இரண்டு ஷேகிள் பாரச் சங்கிலி சேருங்கள். 76 மில்லிமீற்றர் சங்கிலி ஒரு ஷேகிள் தண்ணீருக்குள்ளேயே 3 தொன். கம்பி நிலத்தில் உரசித் தேய்வதையும் அது தடுக்கும். கொழும்புக்கு வெளியே கரைக்கு இணையாகப் பாறைப் பார்கள் உண்டு. பாரில் உரசும் கம்பி சில நாட்களிலேயே நார் நாராகிவிடும். கையுறை போட்ட கையால் தடவினால் முறிந்த நார்கள் நூலைப் பிடித்திழுக்கும். அப்படியொரு பகுதி கண்டால் வெட்டி எறிந்து புதிதாகக் கண் (நுனி வளையம்) போடுங்கள். கிளிப் போட்டு ஒப்பேற்றவேண்டாம்.

போடுமுன் அடித்தளத்தை ஒலிக்கருவியால் அலசவேண்டும். கொழும்பு, கல்கிசைக் கரைகளில் கடலடித் தொலைத்தொடர்பு வடங்கள் ஏறுகின்றன. சபுகஸ்கந்தைக்கு மசகெண்ணெய் கொண்டுபோகும் கடலடிக் குழாயும் அதன் மிதவையும் இருக்கின்றன. பழைய சிதைகப்பல்களும் கிடக்கின்றன. வரைபடத்தில் இவை குறிக்கப்பட்டிருக்கும். நான்கு நங்கூரங்களின் இடத்தையும் ஆள்கூறுகளோடு எழுதி துறைமுக அதிகாரசபையின் அனுமதி பெற்றபின்னரே டக் புறப்படவேண்டும். ஒரு வடத்தின் மேலாக நங்கூரத்தைக் கடத்தவேண்டி வந்தால் அதை டக்கின் தட்டில் ஏற்றிக் கடத்துங்கள். தொங்கவிட்டபடி ஒருபோதும் வேண்டாம்.

வரிசை முக்கியம். அலை வரும் பக்கத்து இரண்டு நங்கூரம் முதலில்: தென்மேற்கு, வடமேற்கு. இவை பிடித்த பிறகுதான் கரைப்பக்கத்து இரண்டு. டக் நங்கூரத்தை அதன் முடிக் கம்பியில் (நங்கூரத்தின் கொழுப்பக்க முடியில் கட்டிய கம்பி) தூக்கி, குறித்த இடத்தில் கொழுக்கள் கீழ்நோக்கி, தண்டு பார்ஜைப் பார்த்தபடி தாழ்த்தவேண்டும். மேலிருந்து போட்டால் தலைகீழாக விழுந்தாலும் தெரியாது. முடிக் கம்பியின் மேல்நுனியில் மிதவை, மிதவையில் இரவு விளக்கு. மிதவைக் கம்பி ஆழத்தைவிடச் சற்றே நீளமாயிருக்கட்டும். குறைந்தால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தை முடியால் கிளப்பிவிடும். இந்த ஒரு பிழையால் நன்றாகப் புதைந்த நங்கூரம் கூட ஒரே இரவில் கழன்றுவிடும்.

பிறகு சோதனை. எதிரெதிர் மூலைகளின் விஞ்ச்சுகளை ஒரே நேரத்தில் இறுக்கி, எதிர்பார்க்கும் உச்சப் பாரத்துக்குக் கொண்டுபோய், 15 முதல் 30 நிமிடம் பிடித்துவையுங்கள். பாரமானி இறங்காமலும் கம்பி உள்ளே வராமலும் இருந்தால் அந்தச் சோடி பிடித்திருக்கிறது. மெல்ல மெல்ல வந்துகொண்டேயிருந்தால் சேற்றை உழுகிறது. எடுத்து, கழுவி, வேறிடத்தில் போடுங்கள். அதே இடத்தில் மறுபடி போடுவது வீண். உழுத நிலம் இளகியிருக்கும்.

எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு: அலையின் அசைவையும் சேர்த்துக் கணித்த பாரமானால் நான்கும் நன்றாயிருக்கும்போது 1.67 மடங்கு காப்பு (முறிவுப் பாரம் வரும் பாரத்தைப் போல எத்தனை மடங்கு என்பது), ஒன்று அறுந்த நிலையில் 1.25. எளிய கணக்கென்றால் 2 மடங்கும் 1.43 மடங்கும். உங்கள் 93 தொன் கம்பிக்கு எளிய கணக்கில் வேலைப் பாரம் 46 தொன்னைத் தாண்டக்கூடாது. ஒன்று அறுந்தால் மிச்சம் உள்ளவற்றில் 65 தொன்னைத் தாண்டக்கூடாது. அந்த இரண்டாவது கணக்கைப் போடாமல் வேலை தொடங்குபவர்கள் அதிகம். தயவுசெய்து போடுங்கள், நான்கில் ஒன்று அறும் அந்தக் கணத்தில் பார்ஜில் பத்துப் பேர் நிற்பார்கள்.

வேலை நேரத்தில் கம்பியை வீணைத் தந்தி போல இறுக்கி வைக்கும் பழக்கம் கூடாது. 8 முதல் 10 தொன்வரை இழுத்துவைத்தால் போதும். அதிகம் இறுக்கினால் அலைக்கு நீள இடமில்லாமல் ஒவ்வொரு முகடும் உதறலாகிவிடும். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கம்பிகளைத் தளர்த்தியே விடுங்கள். அவையும் இறுகியிருந்தால் காற்றுப்பக்கக் கம்பி காற்றையும் இழுக்கும், அவற்றையும் சேர்த்து இழுக்கும். கொழும்பில் பெருக்கு வற்று ஒரு மீற்றரைக்கூட எட்டாததால் அதற்காகக் கம்பியைக் கூட்டிக் குறைக்கும் வேலை நமக்கு மிச்சம்.

எப்போது நிறுத்துவது? குறிப்பலை உயரம் என்பது அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரி. அது 1 மீற்றர் என்றால் இடையிடையே 1.8, 2 மீற்றர் அலையும் வரும். தட்டைப் பார்ஜில் கிரேன் வேலைக்கு 1 மீற்றரை எல்லையாக வைப்பது நியாயமானது. நீண்ட அலை 12 செக்கனைத் தாண்டினால் அந்த 1 மீற்றரும் அதிகம். எல்லையை வேலைக்கு முந்திய நாளே எழுதி ஒப்பமிடுங்கள். பொருள் ஹூக்கில் தொங்கும்போது ஆரம்பிக்கும் வாக்குவாதத்தில் எப்போதும் அவசரமே வெல்லும். ஒக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் மாதங்களில் பின்னேர இடிமழைக் காற்று அரை மணி நேரத்துக்குள் திரண்டுவிடும். பாரத் தூக்கல்களை மதியத்துக்கு முன் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

கேள்வி (இரவுக் காவலாளி, முகத்துவாரம்): நங்கூரம் இழுபடுகிறது என்று இருட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நங்கூரம் பிடித்திருக்கும் கப்பல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் எட்டு வடிவில் அலைந்துகொண்டிருக்கும். அந்த அலைச்சல் நின்று, காற்று ஒரே விலாவில் அடிக்கத் தொடங்கினால் இழுபடத் தொடங்கிவிட்டது. சங்கிலியில் கால் வைத்துப் பாருங்கள்: பிடித்திருக்கும்போது இறுகி, பிறகு மெல்லத் தளரும், இழுபடும்போது கரகரவென்ற அதிர்வு காலுக்கு ஏறும். ஜீ.பீ.எஸ். காவல் வட்டத்தைப் பார்ஜின் இடத்தை நடுவாக வைத்துப் போடாதீர்கள். நங்கூரம் விழுந்த இடத்தை நடுவாக வையுங்கள். இல்லாவிட்டால் காற்று மாறும் ஒவ்வொரு தடவையும் மணி அடித்து, கடைசியில் யாராவது அதை நிறுத்திவிடுவார்கள்.

இழுபட்டால் முதல் வேலை பார்ஜைக் கழற்றுவது. அதற்காகவே எப்போதும் கயிறுகளை அவிழ்க்கும் நுனி பார்ஜில் இருக்கவேண்டும், அருகே கோடாரியும். இரண்டாவது இயந்திரம். மூன்றாவது மேலும் சங்கிலி. சங்கிலி விடுவது நங்கூரம் இன்னும் ஓரளவு பிடித்திருக்கும்போதுதான் உதவும். முற்றாகக் கழன்று, வேகமாக ஓடத் தொடங்கிய கப்பலுக்கு அதனால் பலனில்லை. வீ.எச்.எஃப். இல் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள். நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். அலைச்சலைக் குறைக்க முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு: இரண்டாவது நங்கூரத்தை ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு சங்கிலியோடு அடியில் தொடவிட்டு வைப்பது.

கேள்வி (டக் படகு மாலுமி, கொழும்பு 13): வேலை முடிந்து எடுக்கும்போது நங்கூரம் பாரில் சிக்கினால் விஞ்ச்சால் பிடித்து இழுக்கலாமா?

பதில்: நேரே மேலே இழுக்கவேண்டாம். பார்ஜ் விஞ்ச்சாக இருந்தால் அலை பார்ஜை உயர்த்தும்போது கம்பி அறும். கப்பல் விண்ட்லாஸ் என்றால் அதன் ஹைட்ரோலிக் மோட்டரே வெடிக்கக்கூடும். விண்ட்லாஸ் நங்கூரத்தையும் மூன்று ஷேகிள் சங்கிலியையும் நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் தூக்கக் கட்டப்பட்டதே தவிர பாறையைப் பிடுங்க அல்ல. முடிக் கம்பி இருக்கிறதல்லவா, அதற்காகவே போட்டது. விஞ்ச் கம்பியைத் தளர்த்திவிட்டு, டக் முடிக் கம்பியைப் பிடித்து, பார்ஜ் நங்கூரத்தை இழுத்த திசைக்கு நேர் எதிராகப் போய் மெதுவாக இழுக்கவேண்டும். வந்த வழியாலேயே கொழு வெளியே வரும். முடிக் கம்பி இல்லாத கப்பல் நங்கூரமானால் சங்கிலியைத் தளர்த்தி, குறைந்த வேகத்தில் நங்கூரத்தைக் கடந்து முன்னே போய், பிரேக்கிலும் தடுப்பானிலும் பாரத்தைக் கொடுத்து, வட்டமாகத் திரும்பிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் சங்கிலியை அதன் இணைப்பு ஷேகிளில் பிரித்து மிதவை கட்டி விட்டுவிட்டு, ஆள்கூற்றைத் துறைமுகத்துக்கு அறிவியுங்கள். கடல் படுத்திருக்கும் ஒரு காலையில் சுழியோடிகள் இறங்கி எடுக்கலாம்.